பாபர்: கழித்துக் கட்டிய வண்டியின் கதை

பாபர் என்றதும் பலருக்குப் பானிபட் யுத்தம், 1526 என்று வாய் தானாகவே ஒப்பிக்கும். ஹிஸ்டரி மேஜர் நண்பர்கள் மன்னிக்கணும், இது அந்தப் பாபர் இல்லை. இது ஒரு மோட்டார் சைக்கிள் ரகம். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் பிறந்து வளர்ந்தது. இன்றைக்கு நம்ம ஊர் ஷோரூமிலேயே அதே சாயலில் வண்டி வாங்கலாம்.

பெயர்க் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தால் 'பாப் கட்டிங்' என்போமே, அதே பாப்தான். குதிரை வாலை ஒட்ட நறுக்கினால் ஆங்கிலத்தில் 'பாப் டெயில்'. மோட்டார் சைக்கிளுக்கு வால் என்று பார்த்தால் பின் மட்கார்டு. அதை நறுக்கின வண்டியை அந்தக் காலத்தில் 'பாப் ஜாப்' என்றார்கள். அதுதான் பிற்பாடு 'பாபர்' என்று நின்றுவிட்டது.

எந்த வண்டியின் சரித்திரத்தை எடுத்தாலும் ஒரு கம்பெனி இருக்கும், ஒரு டிசைனர் இருப்பார், பேடண்ட் நம்பர் இருக்கும், மாலை போட்டு ஒரு படம் இருக்கும். பாபருக்கு அதெல்லாம் கிடையாது. முதல் பாபரைக் கட்டினவர் யார் என்றால் பதில் இல்லை. ஒரே வண்டி, கொஞ்சம் ஸ்பானர், ஒரு ரம்பம், கையில் காசில்லை என்கிற நிலைமையில் இருந்த பல பேர் ஒரே சமயத்தில் கட்டினார்கள். அவர்களில் அநேகம் பேரின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. பெயர் கிடைக்கிற ஒன்றிரண்டு பேரின் கதையோ சுவாரஸ்யமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காலத்தைப் பார்ப்போம். 1920-களில் ஹார்லி டேவிட்சன் கம்பெனியின் பெரிய வண்டி 'ஜே.டி.' என்கிற 1200 சி.சி. மாடல். பலமான வண்டி, ஆனால் உயரம், நீளம், கனம். கலிபோர்னியா பையன்கள் சிலர் அதன் ஃபிரேமையே வெட்டி, நீளத்தைக் குறைத்து, சீட்டைக் கீழே இறக்கினார்கள். 'கட் டவுன்' என்று அதற்குப் பெயர். பாபருக்கு இதைத் தாத்தா என்று சொல்லலாம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. அதற்கப்புறம் வந்த பொருளாதார மந்தத்தில் வேலை போச்சு, பேங்க் போச்சு. மோட்டார் சைக்கிள் வாங்க யாரும் இல்லை. எக்செல்சியர், ஹெண்டர்சன் வண்டிகளைச் செய்துவந்த சிகாகோ முதலாளி இக்னாஸ் ஷ்வின், 1931-இல் மோட்டார் சைக்கிள் வேலையையே நிறுத்திவிட்டு சைக்கிளோடு போதும் என்று ஒதுங்கிவிட்டார். பெரிய கம்பெனிகள் என்று பார்த்தால் மில்வாக்கியில் ஹார்லியும் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தியனும்தான் மிச்சம். (இந்தியன் என்பதும் அமெரிக்க வண்டிதான். செவ்விந்தியர் பெயரில் வந்தது. நாம் உரிமை கொண்டாட முடியாது!)

ரேஸ் நடத்துகிறவர்களுக்கும் இதே கஷ்டம். அதுவரை ரேஸ் என்றால் கம்பெனி தனியாகச் செய்த வண்டி, கம்பெனி சம்பளம் கொடுக்கிற ஓட்டுநர். கம்பெனியே மூச்சுத் திணறும்போது ரேஸ் வண்டிக்கு எங்கே போவது? அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1933-34 வாக்கில் 'கிளாஸ் சி' என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தது. கடையில் விற்கிற வண்டியாக இருக்கணும், ஓட்டுகிறவருக்கே அது சொந்தமாக இருக்கணும். சைட் வால்வ் என்றால் 750 சி.சி., ஓவர்ஹெட் வால்வ் என்றால் 500 சி.சி. வரைக்கும். அவ்வளவுதான் விதி. திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிற வண்டியிலேயே ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கும் போகலாம் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வார்கள்? முன் மட்கார்டு வேண்டாம், கழற்று. ஹெட்லைட் வேண்டாம், கழற்று. பின் மட்கார்டில் ஒரு வசதி இருந்தது. பஞ்சர் ஆனால் சக்கரத்தை வெளியே எடுக்க வசதியாக, பின்பாதியைக் கீல் வைத்துத் தூக்குகிற மாதிரி கம்பெனியே செய்திருந்தது. அந்தப் பாதியைக் கீலோடு கழற்றினால் தீர்ந்தது விஷயம். வால் போச்சு! திங்கள்கிழமை காலையில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டணும். சோம்பேறித்தனமோ ஸ்டைலோ, சில பேர் பூட்டவே இல்லை. ரேஸில் ஓட்டுகிறவனின் வண்டி மொட்டையாக இருப்பதைப் பார்த்து, ரேஸ் பக்கமே போகாதவனும் தன் வண்டியை மொட்டை அடித்தான். ஃபாஷன் எல்லாம் இப்படித்தானே பரவுகிறது! 1937-இல் ஃப்ளோரிடா கடற்கரையில் முதல் டேடோனா 200 மைல் ரேஸ் நடந்தது. இந்தியன் ஸ்போர்ட் ஸ்கவுட் வண்டியில் எட் கிரெட்ஸ் ஜெயித்தார். அந்தத் தோற்றம்தான் பல பையன்களுக்கு மாதிரியாக அமைந்தது.

இதில் லாபம் எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்கு போடலாம், மெக்கானிக்கல்காரர்களுக்காக. வண்டி 250 கிலோ, ஓட்டுகிறவர் 70 கிலோ, மொத்தம் 320. இன்ஜின் 25 குதிரைத்திறன். மட்கார்டு, கேரியர், கிராஷ் கார்டு, பெரிய சீட்டு என்று 25 கிலோவைக் கழித்தால் மொத்த எடையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் போகிறது. வேகம் எடுக்கிற விஷயத்தில் இது இன்ஜினில் 2 குதிரை கூட்டினதற்குச் சமம். பிஸ்டனைத் தொடவில்லை, கார்புரேட்டரைத் தொடவில்லை, காலணா செலவில்லை. ஆனால் சமதளத்தில் உச்ச வேகம் இதனால் ஏறாது, அங்கே எதிரி காற்று. வேகம் எடுப்பதிலும் மேடு ஏறுவதிலும்தான் வித்தியாசம் தெரியும். மண் டிராக்கில் வளைவுக்கு வளைவு வேகம் எடுக்கிறவனுக்கு வேறென்ன வேணும்?

அப்புறம் யுத்தம் வந்தது. ராணுவத்துக்காக ஹார்லி செய்த 'டபிள்யூ.எல்.ஏ.' என்கிற 750 சி.சி. வண்டி, கனடாவுக்குப் போன அதன் தம்பியையும் சேர்த்தால், சுமார் 90,000 தயாரானது. துப்பாக்கி உறை, தோட்டாப் பெட்டி, வயர்லெஸ் வைக்கிற கனமான கேரியர், சேறு அடைக்காதபடி தள்ளி வைத்த மட்கார்டு, இருட்டடிப்பு விளக்கு என்று கல்யாண மாட்டு வண்டி மாதிரி ஏற்றி வைத்த வண்டி. 1945-க்கு அப்புறம் ராணுவம் இவற்றைக் கழிவு விலையில் தள்ளியது. ஊர் திரும்பின சிப்பாய்களில் பலர் படையில் மெக்கானிக் வேலை கற்றவர்கள். ஐரோப்பாவில் லேசான இங்கிலீஷ் வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் கையில் இந்த வண்டி சிக்கினால் முதல் வேலை என்ன, பாரத்தை இறக்குவதுதான். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற ஷெட்டு, அதுதான் தொழிற்சாலை.

1947 ஜூலை 4 வாரக் கடைசியில் கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்கிற சின்ன ஊரில் மோட்டார் சைக்கிள் கூட்டம் கூடியது. சுமார் 4,000 பேர் வந்ததாகச் சொல்வார்கள். ஊரே கிட்டத்தட்ட அவ்வளவுதான். குடி, கூச்சல், தெருவில் ரேஸ். 'லைஃப்' பத்திரிகை ஒரு போட்டோ போட்டது: காலி பீர் பாட்டில்கள் குவிந்து கிடக்க, நடுவே ஹார்லி மேல் சாய்ந்துகொண்டு ஒரு ஆள். அது ஜோடித்து எடுத்த படம் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. எப்படியோ, மொட்டை வண்டி ஓட்டுகிறவன் ரௌடி என்று முத்திரை குத்தியாகிவிட்டது. 1953-இல் 'தி வைல்ட் ஒன்' படம் வந்து அந்த முத்திரையை நன்றாக அழுத்தியது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் மார்லன் பிராண்டோ ஓட்டியது ட்ரையம்ஃப் தண்டர்பேர்ட், வால் நறுக்காத வண்டி. பாபரில் வந்தவர் வில்லன் லீ மார்வின். பத்திரிகையும் சினிமாவும் போட்ட சத்தத்தில் கொட்டகைக்குள் நடந்த வேலையை யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். ஒரு தலைமுறை உலோக வேலை கற்றுக்கொண்டதை, பீர் பாட்டில் கதையாக முடித்துவிட்டார்கள்.

சரி, கொட்டகைக்குள் போவோம்.

பழைய பாபரின் முதுகெலும்பு, பின் பக்கம் ஸ்பிரிங் இல்லாத ஃபிரேம். 'ஹார்ட் டெயில்' என்பார்கள். அதை ஸ்டைலுக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அப்போது வண்டியே அப்படித்தான் வந்தது. பெரிய ஹார்லிகளில் பின் ஷாக் அப்சார்பர் வந்தது 1958 மாடலில்தான். அதுவரை பின் சக்கரம் நேராக ஃபிரேமில் பூட்டியிருக்கும். முதுகு தாங்குமா? சீட்டைத் தாங்குகிற குழாய்க்குள்ளே ஒரு ஸ்பிரிங்கை ஒளித்து வைத்திருந்தார்கள். 1940 முதல் 16 அங்குல சக்கரத்தில் பருமனான டயரும் கிடைத்தது. குழிக்கு டயர் கொஞ்சம், சீட்டு ஸ்பிரிங் கொஞ்சம், மிச்சம் ஓட்டுகிறவர் இடுப்பு. ஸ்பிரிங் இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. பின் சக்கரம் மேலும் கீழும் ஆடாததால் செயின் தொய்வு மாறவே மாறாது, இடுப்பு வலி மட்டும் மாறும்.

ஆகவே முதல் தலைமுறை பாபருக்கு வெல்டிங் மெஷினே தேவைப்படவில்லை. பெரும்பாலும் கழற்றுகிற வேலை, அறுக்கிற வேலை, அரம் போடுகிற வேலை. மட்கார்டு அறுத்த விளிம்பு துணியைக் கிழிக்காமல் இருக்க உள்பக்கம் கம்பி வைத்து மடக்கணும். மட்கார்டைத் தாங்கின ஸ்டேயைச் சுருக்கி வேறு இடத்தில் பூட்டணும். பின்விளக்கு மட்கார்டோடு போய்விட்டதால் அதற்கு இடம் தேடணும். சிலர் முன் மட்கார்டையே கழற்றிப் பின்னால் திருப்பி மாட்டினார்கள். அளவு சின்னது, வளைவு கிட்டத்தட்ட சரி. ஒயரிங் பழைய பாதையில் போகாது, புதுசாக இழுக்கணும். இங்கேதான் பல பேர் கோட்டை விடுவார்கள். பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தால் எர்த் கிடைக்காது. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் எர்த் ஒயரை முறுக்கணும்.

ஃபிரேமில் கை வைக்கிற கதை பிற்பாடு வந்தது. 1950-களில் இங்கிலீஷ் வண்டிகள் ஏராளமாக அமெரிக்கா போயின. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கியதும் ட்ரையம்ஃப் வண்டி அங்கே மலிவாகிவிட்டது. அந்த வண்டிகளில் ஸ்விங் ஆர்ம் வந்த பிறகு, பழைய பாபர் தோற்றம் வேணும் என்றவர்கள் பின்பக்கத்தை அறுத்துவிட்டு ஸ்பிரிங் இல்லாத முக்கோணத்தை ஒட்டத் தொடங்கினார்கள். 1960-களில் இன்னும் துணிந்து முன்பக்க ஸ்டியரிங் தலையையே அறுத்துச் சாய்த்து, ஃபோர்க்கை நீட்டினார்கள். அது சாப்பர். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பாபரில் கூட்டல் இல்லை, ஸ்டியரிங் தலையைத் தொடுவதில்லை. சாப்பரில் நீட்டல், உயர்த்தல், குரோமியம் எல்லாம் உண்டு. சாப்பர் ஊர்வலத்துக்கு நல்ல வண்டி. ஓட்டுவதற்கு என்றால் என் ஓட்டு பாபருக்கே.

பின்பக்கம் அறுத்து ஒட்டுவது என்றால் லேசான வேலை என்று நம் மாணவத் தம்பிகள் நினைக்கக் கூடாது. இரண்டு குழாயை முனைக்கு முனை வைத்து வெல்டிங் அடித்தால் அது ஒரு நாள் விட்டுவிடும். உள்ளே இறுக்கமாகப் பொருந்துகிற ஒரு தண்டை இரண்டு பக்கமும் நுழைத்து, குழாயில் துளை போட்டு அந்தத் துளை வழியாகவும் வெல்டிங் நிரப்பி, அப்புறம்தான் சுற்றி அடிக்கணும். குழாய் மேல் குழாய் சேர்கிற இடத்தில் முனையை மீன் வாய் மாதிரி அரத்தால் குடையணும். உள்ளே வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருந்தணும். ஒரு பக்கமே தொடர்ந்து அடித்தால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபிரேமை ஜிக்கில் இறுக்கிப் பூட்டி, இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைக்கணும். முடிந்ததும் நூல் பிடித்துப் பார்க்கணும். பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டிப் போகிற நூல், முன் டயருக்கு இரு பக்கமும் சம இடைவெளி விடணும். விடவில்லை என்றால் வண்டி நண்டு மாதிரிதான் நடக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. பின்பக்கத்தைத் தாழ்த்தினால் முன் ஃபோர்க்கின் சாய்வு மாறிவிடும். புல்லட்டின் இரு சக்கர இடைவெளி 1,370 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் 50 மில்லி தாழ்த்தினால் முழு வண்டியும் சுமார் 2 டிகிரி பின்னால் சாய்கிறது. அதனால் 'ட்ரெய்ல்' என்கிற அளவு 12, 13 மில்லி கூடும். நேர் ரோட்டில் சுகம், சந்து முனையில் திருப்பும்போது கனம். இதையெல்லாம் கால்குலேட்டர் இல்லாமல், ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து, மறுபடி அறுத்துக் கற்றுக்கொண்டார்கள் அந்த ஆட்கள்.

பெயர் கிடைக்கிற ஒன்றிரண்டு பேர் என்று சொன்னேனே, அங்கே வருகிறேன்.

1969-இல் 'ஈஸி ரைடர்' படம் வந்தது. அதில் பீட்டர் ஃபோண்டா ஓட்டின, அமெரிக்கக் கொடி வரைந்த டாங்க் வைத்த சாப்பரை உலகமே பார்த்தது. போலீஸ் இலாகா ஏலம் விட்ட பழைய ஹார்லிகளை வாங்கிக் கட்டிய வண்டி. கட்டினவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்கிற இரண்டு கறுப்பினத்தவர்கள். வாஸ் சமூக உரிமைப் போராட்டத்தில் இருந்தவர், போட்டோ எடுப்பவர். ஹார்டி லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினத்தவர் பகுதியில் பட்டறை வைத்திருந்த கைதேர்ந்த மெக்கானிக். படத்தில் இவர்கள் பெயர் போடவில்லை. பல வருஷம் அந்த வண்டி ஃபோண்டாவின் யோசனை என்றே ஊர் பேசியது. இவர்கள் பெயர் பரவலாக வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. உலகத்திலேயே அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், மற்ற கொட்டகைக்காரர்களைப் பற்றிக் கேட்கவா வேணும்!

இன்னொரு கதை கொஞ்சம் நன்றாக முடிகிறது. மிசௌரி மாநிலத்தில் பில் டேவிஸ் என்று ஒரு இன்ஜினியர். அவர் ஹார்லி கம்பெனி ஆள் இல்லை, வெறும் ஹார்லி பைத்தியம். அவருக்கு ஹார்ட் டெயில் அழகு பிடிக்கும், ஹார்ட் டெயில் முதுகு வலி பிடிக்காது. 1970-களின் நடுவில் தன்னுடைய 1972 மாடல் சூப்பர் கிளைடை அறுத்து, வெளியே பார்த்தால் ஸ்பிரிங் இல்லாத பழைய முக்கோண ஃபிரேம், உள்ளே மறைவாக ஸ்பிரிங் என்று ஒரு ஏற்பாடு செய்தார். 1976-இல் மில்வாக்கிக்கே கொண்டுபோய் வில்லி ஜி. டேவிட்சனிடம் காட்டினார். பார்த்தார்கள், பாராட்டினார்கள், வாங்கவில்லை. டேவிஸ் ஊருக்குத் திரும்பி மறுபடியும் உட்கார்ந்து, ஸ்பிரிங்குகளை வண்டியின் அடியில் கொண்டுபோய் ஒளித்தார். கூட்டாளிகளோடு தானே தயாரித்து விற்கப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் 1982-இல் ஹார்லி அவருடைய உரிமையை வாங்கியது. 1984 மாடலாக 'சாஃப்டெயில்' வந்தது. பெயரே கேலி மாதிரி இருக்கும்: பார்க்க ஹார்ட், உட்கார்ந்தால் சாஃப்ட். அப்போது கம்பெனி பெரிய நஷ்டத்திலிருந்து தலை தூக்கிக்கொண்டிருந்த நேரம். அதன் பிறகு கம்பெனியின் முக்கியமான வண்டி வரிசைகளில் ஒன்றாகிவிட்டது அது. வீட்டு வேலையைத் தொழிற்சாலை விலை கொடுத்து வாங்கின கதைகளில் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து குறைவு.

பாபர் இல்லாவிட்டாலும் இந்த வரிசையில் உட்கார வேண்டியவர் நியூஸிலாந்தின் பர்ட் மன்ரோ. இன்வர்கார்கில் ஊரில் 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுக்க அதையே பிரித்துப் பூட்டினார். பிஸ்டனைப் பழைய டப்பாக்களில் தானே வார்த்தார். 600 சி.சி. வண்டி 950 சி.சி. ஆனது. 1967-இல், 68 வயதில், அமெரிக்காவின் போன்வில் உப்பு வெளியில் மணிக்கு 295 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஓட்டி 1000 சி.சி.க்குக் கீழ்ப்பட்ட பிரிவில் சாதனை செய்தார். 2005-இல் இவரைப் பற்றிப் படமும் வந்தது.

நம்ம பக்கம் ஆள் இல்லையா என்று கோயமுத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கினதும் ஊர்வலம் போகவில்லை. பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவரின் முதல் பாடப் புத்தகம் அந்த ரட்ஜ்தான்.

புல்லட் கதைக்கு வந்தால் ஒரு முரண் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் செய்த ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, பின்பக்கம் ஸ்விங் ஆர்ம், ஷாக் அப்சார்பரோடு 1948-லேயே களத்துக்கு வந்தது. அந்த வருஷம் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட் இருந்தன. பெரிய ஹார்லிக்கு அதே வசதி வர இன்னும் பத்து வருஷம்! அந்த வண்டியைத்தான் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் பூட்ட ஆரம்பித்தார்கள். முதலில் பாகமாகக் கப்பலில் வந்தது, பிறகு இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடியது. நம்ம புல்லட் நின்றபாடில்லை. ஸ்பிரிங் வைத்ததற்காகப் பெயர் வாங்கின வண்டியின் ஸ்பிரிங்கை அறுத்து எறிந்துவிட்டு, 'பாபர் பண்ணிட்டோம்' என்கிற பட்டறைகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். 1930-களில் இருந்ததைக் கழற்றினார்கள், காரணம் இருந்தது. குண்டும் குழியுமான ரோட்டில், ஜிக் இல்லாமல், தரையில் படுக்கப்போட்டு அறுத்து ஒட்டின ஃபிரேமில் 80-இல் போகிற பையனுக்கு அந்தக் காரணம் எதுவும் கிடையாது. வெல்டிங் விடுவதற்கு முன்னால் தகவல் சொல்லாது.

தோற்றம்தான் வேணும் என்றால் கம்பெனிகளே செய்து தருகின்றன. ட்ரையம்ஃப் 2016-இல் 1200 சி.சி. பாபரைக் காட்டியது. பின் ஷாக் அப்சார்பர் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். 2018-இல் இந்தியாவில் ஜாவா 'பெராக்' அறிவித்தது, அதுவும் ஒற்றைச் சீட்டு, மறைந்த ஸ்பிரிங். 2024 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு 'கோவன் கிளாசிக் 350' கொண்டுவந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டலாம். இதையெல்லாம் பார்த்தால் பில் டேவிஸின் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது. ஸ்பிரிங்கை ஒளிப்பதற்கு இப்போது தனி டிசைன் டிபார்ட்மென்ட்!

கடைசியாகச் சட்டம். மாணவர்கள் புராஜெக்டுக்கு ஐடியா கேட்டால் இதையும் சேர்த்தே சொல்லணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புக்கில் உள்ள விவரமும் கம்பெனி கொடுத்த விவரமும் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது, அரசு அங்கீகரித்த சில மாற்றங்களைத் தவிர. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். ஆகவே ஃபிரேம் அறுக்கிற ஆசை இருந்தால் காலேஜ் ஒர்க்ஷாப் காம்பவுண்டுக்குள், ரோட்டுக்கு வராத வண்டியில், சார் பக்கத்தில் நிற்கும்போது செய்யலாம். அறுக்காமலே கற்றுக்கொள்ள வேணுமென்றால், பழைய வண்டி ஒன்றை முழுசாகப் பிரித்து அதே மாதிரி பூட்டிப் பாருங்கள். கோவைக்காரர் செய்தது அதுதான்.

சட்டத்தோடு சேர்ந்த மத்திய விதிகளில் 123-ஆம் விதி என்று ஒன்று உண்டு. பின்னால் உட்காருகிறவரின் சேலையும் வேட்டியும் சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்கணும் என்று அது சொல்கிறது. அமெரிக்கப் பையன்கள் 1930-களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீலோடு கழற்றி ஓரமாகப் போட்டதும் ஒரு பாதிதான்!